தோணியடியில் தங்கும் நீர்

நாம் இருக்கும் பட்டிப்பொல, கடல் மட்டத்திற்கு மேல் 1,891 மீட்டர் உயரத்தில், இலங்கைப் புகையிரத நிலையங்கள் யாவற்றினும் உயர்ந்து நிற்பது. இங்கே புகையிரதம் உண்டு, தோணி இல்லை. ஆயினும் நுவரெலியாவில், 1873ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில் உருவான வாவியிலும், அட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் சிறு தோணிகள் மிதக்கின்றன. அவற்றைப் பற்றியே வாசக அன்பர் ஒருவர் வினவுகிறார்: "இரவு மழைக்குப் பின் வாளியால் இறைத்தாலும் அடியில் இரண்டு விரற்கடை நீர் எஞ்சிவிடுகிறதே, அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன?"

விடலாகாது என்பதே நம் விடை. இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தட்டையான தோணியடியில் ஒரு சென்ரிமீட்டர் நீர் நின்றால் அது 20 லீற்றர். நிறையும் 20 கிலோ. ஓரிரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 கிலோவுக்குக் குறையாது. நிறையைவிடப் பொல்லாதது அதன் ஓட்டம். கொழுந்துச் சாக்கு வைத்த இடத்தில் இருக்கும், நீர் இராது. ஒருவர் எழுந்து ஒருபுறம் சாய்ந்தால் நீரும் அப்புறமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். மலைநாட்டுக் குளிர் நீரில் கவிழ்ந்தவருக்கு நீந்தத் தெரிந்திருந்தாலும் கைகால் விறைக்க அதிக நேரம் செல்லாது.

நம் முன்னோரின் கட்டுமரத்திற்கு இத்தொல்லை இல்லை. மரங்களின் இடைவெளியால் ஏறிய நீர் தானே இறங்கிவிடும். குழிந்த கலம் செய்தவர்களுக்கே இறைக்கும் வேலை வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூஸ் மன்னன் இரண்டாம் ஹியரோ கட்டுவித்த பெருங்கப்பலின் அடிநீரை, ஆர்க்கிமிடீசின் திருகினால் ஒரே ஆள் வெளியேற்றினான் என்று பழைய நூலொன்று கூறுகின்றது.

சிறு தோணிக்குத் திருகு வேண்டாம். பழைய பிளாஸ்ரிக் கலனைச் சரிவாக வெட்டினால் அதன் விளிம்பு அடிப்பலகையோடு ஒட்டி நீரை அள்ளும். வட்டவாய் வாளி அள்ளாது. பின்பு பின்புறத்தில் அமர்ந்து தோணியைச் சற்றே தாழ்த்தினால் எஞ்சியது ஓரிடத்தில் சேரும். குறுக்குச் சட்டங்களின் கீழுள்ள சிறு துளைகள் இலையும் சேறும் அடைத்திருந்தால் சேராது. ஆகவே அத்துளைகளினூடே ஒரு கயிற்றைக் கோத்து வைத்து, வேண்டும்போது முன்னும் பின்னும் இழுத்துவிடுவது நன்று. இறுதி நீரை ஸ்பொஞ்சோ பழந்துணியோ கொண்டு ஒற்றிப் பிழிய வேண்டும். எந்திரத் தோணியாயின் எண்ணெய் கலந்த நீரை வாவியில் ஊற்றாதீர்.

இறப்பர்க் குழாயை வைத்து நீரைத் தானே வடியவிடலாம் என்று சிலர் எண்ணுவர். மிதக்கும் தோணியில் வெளிநீர் உள்நீரைவிட உயர்ந்திருக்கும். குழாய் வழியே வாவிதான் உள்ளே வரும். கரையேற்றிய பின்பே இவ்வுபாயம் பலிக்கும். அடைப்பானைக் கழற்றுவதும் அவ்வாறே. கழற்றியதை மறவாதிருக்க ஒரு நூலால் தோணியோடு கட்டி வையுங்கள். பம்பியோ, கடற்கரையில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திற்கு உறிஞ்சக்கூடியது, காற்றழுத்தம் குறைந்த பட்டிப்பொலவில் 8 மீட்டர்தான் உறிஞ்சும். தோணிக்கு அரை மீட்டரே போதுமாதலால் நம் ஊரின் உயரத்திற்கு இங்கே மதிப்பில்லை! எனினும் பம்பியின் வாய் நீரில் மூழ்கியிருக்க வேண்டுமாகையால், கடைசி நீரை அதுவும் விட்டுவிடும்.

இனி, கரையில் கிடக்கும் தோணியைப் பற்றி. இலங்கைக் கரையோரத்தில் கைவிடப்பட்ட மீன்பிடித் தோணிகளில் தேங்கிய உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். 2017இல் இந்நாட்டில் டெங்கு கண்டோர் 1,86,000க்கு மேற்பட்டவர். அந்நுளம்பின் முட்டை நீர் வற்றியபின்னும் பல மாதம் பலகையில் ஒட்டி உயிரோடிருக்கும். ஆதலால் இறைத்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி, தோணியைக் கவிழ்த்து வையுங்கள். மரத்தோணியை வெயிலில் கவிழ்க்க வேண்டாம்; பலகை சுருங்கி இணைப்பு விரியும். நிழலில், இரு கட்டைகளின்மேல், அடியில் காற்றுப் புகும்படி வைத்தால் போதும்.