கதவுக்குப் பின்னாலும் ரிமோட் வேலை செய்யும்!

எங்க வீட்டு டி.வி. ஷோகேஸுக்குப் புதுசா மரக்கதவு போட்டாங்க. செட்-டாப் பாக்ஸ் உள்ளே போயிடுச்சு. சேனல் மாத்தணும்னா, மூட்டு வலியோட பாட்டி எழுந்து போய் கதவைத் திறக்கணும். நாலே நாள்ல டி.வி. பார்க்கிறதையே விட்டுட்டாங்க. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பேரனுக்கு இது அவமானம் இல்லையா?

விஷயம் இதுதான். ரிமோட் அனுப்புறது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணாடியைத் தாண்டும், மரத்தைத் தாண்டாது. இதுக்கு மருந்து, ஐ.ஆர். ரிப்பீட்டர்.

கதவுக்கு வெளியே டி.எஸ்.ஓ.பி. 1738 சென்சார். நிறைய ரிமோட்டுகள் பயன்படுத்துற 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை நீக்கிட்டு, சிக்னலை மட்டும் இது கொடுக்கும். 555 ஐ.சி. அதே துடிப்பை மறுபடி ஏத்தும். டிரான்சிஸ்டர் வழியா உள்ளே இருக்கிற ஐ.ஆர். எல்.இ.டி. மின்னும். சால்டரிங் வராதா? ரெடிமேட் செட்டே கிடைக்குது.

பாக்ஸோட சென்சார் ஜன்னல் எங்கேன்னு டார்ச் அடிச்சுப் பார்த்து, எல்.இ.டி.யை அது மேலயே ஒட்டுங்க. அதோட வெளிச்சம் வெளி சென்சார்ல திரும்ப விழுந்தா சர்க்யூட் குழம்பிடும், உஷார்! எல்.இ.டி. எரியுதான்னு செல்போன் கேமராவுல பாருங்க. பெரும்பாலும் ஊதாவா மின்னும். ப்ளூடூத் ரிமோட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை.

பாட்டி உட்கார்ந்த இடத்துல இருந்தே சேனல் மாத்திட்டு, என்னைப் பார்த்து சிரிச்சாங்க பாருங்க... அரியர் இருக்கிறதே மறந்துபோச்சு!