எல்லை கடந்தால் செல்லாத சான்றிதழ்

இடுக்கி மாவட்டத்தின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல மூன்று, நான்கு தலைமுறைகளாகக் கேரளத்தில் வாழ்கின்றன. அவர்களின் வாக்காளர் அட்டையும் ரேஷன் அட்டையும் கேரள முகவரியில்தான் இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் படிப்புக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகம் போனால், 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எங்கே குடியிருந்தது என்ற கேள்வி வருகிறது. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த நாள் அது.

அரசமைப்பின் 19-ஆவது பிரிவு, நாட்டின் எப்பகுதிக்கும் போகவும் அங்கே நிலையாகக் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. 341-ஆவது பிரிவோ பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வரையறுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லையோரக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போன ஒரு பழங்குடிக் குடும்பத்தின் மகனுக்கு மருத்துவக் கல்லூரி இடம் மறுக்கப்பட்ட மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994, 2018 தீர்ப்புகளும் அதையே உறுதி செய்தன. ஒரே பெயருள்ள சாதி இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும் நிலை மாறாது. பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனாலும் 1950-க்குப் பிறகு மலை ஏறியவரின் பேரப்பிள்ளை, கேரள அரசின் கண்ணில் வெளிமாநிலத்தவரே.

1950-க்கு முன்பே வந்தவர்களுக்குச் சட்டத்தில் தடை இல்லை. அவர்களுக்கு இருப்பது ஆவணச் சிக்கல். கண்ணன் தேவன் மலைகளை 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்த பிறகு, தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறி வந்தவர்கள் பலர். வந்தவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை, வீட்டுவரி ரசீதும் இல்லை. தங்கிய லயம் என்னும் வரிசை வீடு கம்பெனியுடையது. தொழிலாளியைப் பற்றி எழுதி வைக்கும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்திய முக்கியச் சட்டங்களும் பிந்தியவை: தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இலும், வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இலும் வந்தன. முதல் பொதுத்தேர்தல் நடந்ததே 1951–52-இல்தான். ஆக, ஏழைத் தொழிலாளியின் பெயரைத் தாளில் ஏற்றிய ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பின்னால் வந்தவை. அதற்கு முந்திய தாளைத்தான் அரசு இன்று அவரிடம் கேட்கிறது. பழைய செக்ரோல் எனப்படும் தோட்ட வருகைப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் அல்லது தேவாலயக் குறிப்பு என்று கிடைத்ததைக் காட்டவேண்டியிருக்கிறது. ஐயம் எழுந்தால், 1996-ஆம் ஆண்டின் கேரளச் சான்றிதழ்ச் சட்டப்படி விசாரணை கோழிக்கோட்டிலுள்ள கிர்தாட்ஸ் என்னும் பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வு நிறுவனம் வரை போகும்.

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தனித்தொகுதி வழக்கு இந்தச் சிக்கலை ஊரறியச் செய்தது. 2021-இல் வென்ற அ. ராஜாவின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. அவர் கிறிஸ்தவரா என்ற கேள்வியோடு, அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே அங்கு குடியேறியவர்களா என்பதும் அந்த வழக்கில் வாதிடப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், லயத்துப் பிள்ளை எந்த வழக்கறிஞரைத் தேடும்?

பாலக்காட்டுச் சிக்கல் வேறு வகை. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1953-இல் பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போனவர் ஒரே மாநிலத்துக்குள் மாவட்டம் மாறியவர். அதே ஆண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனவர் மாநிலம் மாறியவர். ஜார்க்கண்ட் பிரிவினை தொடர்பான பங்கஜ் குமார் வழக்கில், பிரிந்த இரு மாநிலங்களில் ஏதாவது ஒன்றில் சலுகை கோரலாம், இரண்டிலும் ஒருசேரக் கோர முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1956 மாநிலச் சீரமைப்பில் அகப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்த நியாயத்தை விரிவாக்கிப் பார்க்க இடமுண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு இங்கே ஒப்பிடத்தக்கது. 2003-ஆம் ஆண்டின் நெறியாணைப்படி, ஓர் உறுப்பு நாட்டில் ஐந்தாண்டு சட்டப்படி தொடர்ந்து வாழ்ந்த, ஒன்றியக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டவர், நிலையான வருமானமும் மருத்துவக் காப்பீடும் இருந்தால் நீண்டகாலக் குடியிருப்பாளர் தகுதி பெறலாம். வேறு உறுப்பு நாட்டுக்குக் குடிபெயரவும் அவர் விண்ணப்பிக்கலாம். கட்டுப்பாடுகள் இல்லாமல் இல்லை: புதிய நாடு வருமானச் சான்று கேட்கலாம், உள்ளூர் வேலைச் சந்தையைக் காரணம் காட்டலாம், டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவே இல்லை. ஆனால் புதிய நாட்டிலும் உரிய காலம் வாழ்ந்தால் அங்கேயும் அதே தகுதி கிடைக்கும். குடியுரிமையே இல்லாதவருக்கு அங்கே வாழ்ந்த காலம் உரிமையாக மாறுகிறது. இங்கே சொந்தக் குடிமகன் எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் அந்த ஒரு தேதியைத் தாண்ட முடிவதில்லை.

நீதிமன்றங்கள் சொல்லும் காரணம் புறந்தள்ளக்கூடியது அல்ல. சாதிக் கொடுமை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. வெளியிலிருந்து வருவோர் உள்ளூர்ப் பட்டியல் சாதியினரின் பங்கைக் குறைத்துவிடக்கூடாது. நேற்று வேலைக்கு வந்தவருக்கு இந்த வாதம் பொருந்தும். மூணாறில் பிறந்து, மூணாறில் படித்து, கேரளத்திலேயே தீண்டாமையை அனுபவிக்கும் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்? மத்திய உள்துறையின் 1985-ஆம் ஆண்டுக் கடிதப்படி, தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டினால் குடியேறிய மாநிலத்தில் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்த மாநிலத்தின் சலுகைகள் அதனால் கிடைக்காது. சொந்த மாநிலத்தில் கிடைக்கும் என்பது ஏட்டளவில் சரி. அங்கே படிக்கவோ வாழவோ செய்யாத பிள்ளைக்கு அது எட்டாத உரிமை. தந்தையிடமே சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வழியும் அடைபடும். ஓய்வுபெற்று லயத்தைக் காலிசெய்து தேனிக்கோ திருநெல்வேலிக்கோ திரும்பும் குடும்பம், கேரளத்தில் பிறந்த பிள்ளைகளுக்காக அங்கேயும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ரேஷன் அரிசி இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020-இல் இரு மாநிலங்களும் சேர்ந்ததால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தானியத்தை எந்தப் பக்கத்துக் கடையிலும் வாங்கலாம். சாதிப் பட்டியலை அப்படி நிர்வாக ஆணையால் மாற்ற முடியாது. 341(2)-இன்படி நாடாளுமன்றத்துக்கே அந்த அதிகாரம். இரு மாநிலப் பட்டியல்களிலும் உள்ள சாதியில் பிறந்து, குடியேறிய மாநிலத்திலேயே பள்ளிப்படிப்பை முடித்தவரை அம்மாநிலத்தவராகக் கொள்ளும் திருத்தம் அங்கேதான் வரவேண்டும். அதுவரை கேரள அரசு தன் அளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தோட்டக் கம்பெனிகளின் பழைய செக்ரோல்களைத் தானே திரட்டிப் பாதுகாத்து, சான்றாக ஏற்கலாம். அப்படிச் செய்தால் தாளைத் தேடும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கும்.