வென்டிலேட்டரில் இருந்தவருக்கு நிமோனியா வந்தது எப்படி? ஐசியு கதவில் ஒரு கணக்கு தொங்கட்டும்!

நல்லம்பள்ளி வட்டத்தில் இருக்கும் தொப்பூர் கணவாயில் விபத்து என்றால், ஆம்புலன்ஸ் பெரும்பாலும் ஓடுவது தருமபுரி அரசு ஆஸ்பத்திரிக்குத்தான். "வென்டிலேட்டர்ல வெச்சிருக்காங்க" என்று சொன்னதும் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களுக்குப் பாதி உயிர் திரும்பும்.

ஆனால் உலகத்தில் எந்த ஐசியுவாக இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. செயற்கை சுவாசம் கொடுத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவுக்குத் தனிப் பெயரே இருக்கிறது: வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா.

எப்படி வருகிறது?

தொண்டைக்குள் குழாய் இருப்பதால் நோயாளியால் சரியாக இருமிச் சளியைத் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயை ஒட்டி நுரையீரலுக்குள் கசியும். குழாயில் தேங்கும் தண்ணீர், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர், கழுவாத கை என எல்லாமே கிருமிக்கு வழிதான்.

கருவியே கிருமியைச் சுமந்து வந்ததும் உண்டு. இதய ஆபரேஷனில் ரத்தத்தின் வெப்பத்தைச் சீராக்கும் ஹீட்டர்-கூலர் கருவியின் தண்ணீரில் இருந்த 'மைக்கோபாக்டீரியம் கைமேரா', அதன் விசிறிக் காற்றோடு பரவி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளைத் தாக்கியது. அறிகுறி தெரியவே மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆனது.

இவ்வளவு பெரிய கருவிகூட வேண்டாம், ஒரு சலைன் பாட்டில் போதும். 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது. 8 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்து, மிச்ச சலைனை மறுபடி பயன்படுத்தியதை வேலூர் சிஎம்சி உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வு சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. யாரோ எண்ணினார்கள், சேர்த்துப் பார்த்தார்கள். அதனால் தெரிந்தது.

என்ன செய்யலாம்?

1,000 வென்டிலேட்டர் நாட்களுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று கணக்கிடும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்ணை ஒவ்வொரு ஐசியுவும் மாதாமாதம் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும். மோசமான நிலையில் வருபவர்களைச் சேர்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று டாக்டர்கள் சொல்லலாம். நியாயம்தான். அப்படியென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியோடு ஒப்பிட வேண்டாம், தன் போன மாதத்தோடு ஒப்பிடட்டும். எண் ஏறினால் நர்ஸைத் திட்டுவதற்கு முன், ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று பார்க்கட்டும்.

அதுவரை உறவினர்கள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போகலாம். தயங்காமல் இரண்டு கேள்வி கேட்கலாம்: "தலைப்பக்கம் உயர்த்தி வெச்சிருக்கீங்களா? குழாயை எப்போ எடுக்க முடியும்னு இன்னைக்குப் பார்த்தீங்களா?"