பிக்கப் வைத்திருப்போரும் ஒன்று கூடலாமே!



புல்லட் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் கூட்டம் சேர்ந்து மலையேறுகிறார்கள். பிக்கப் வைத்திருக்கும் எங்களுக்குள் மட்டும் அந்த ஒட்டுறவு இன்னும் வளரவில்லை.

2005-ல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று செல்லப்பெயர் வாங்கியது. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. பொலிரோ பிக்கப் போகாத தோட்டத்துப் பாதை கிடையாது. வண்டிமேல் எங்களுக்கு உள்ள பிரியத்தை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பார்க்கலாம்: முன்னால் எலுமிச்சை மிளகாய், பின்கதவில் பிள்ளைகளின் பெயர், பளபளக்கும் வீல் கப். ஆனால் பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் எந்த ஊர் என்று கேட்க நேரமிருப்பதில்லை.

பழகினால் லாபம் உண்டு. கேரளாவுக்குக் காய்கறி இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புபவருக்கு ரிட்டர்ன் லோடு கிடைக்கும். நடுவழியில் ஸ்பிரிங் பட்டை முறிந்தால் நம்பகமான மெக்கானிக்கைச் சொல்ல ஆள் இருக்கும். 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது.

சங்கம், சந்தா எதுவும் வேண்டாம். மார்க்கெட் விடுமுறை நாளில் தாலுகாவுக்கு ஓரிடத்தில் வண்டியோடு கூடுவோம். அடுத்த ஊர்க்காரரின் செல் நம்பராவது நம்மிடம் இருக்கட்டும்.

– பிக்கப் உரிமையாளர் ஒருவர்,
தாராபுரம்.