கண்ணகி எல்லைக்கல்லா?

சித்திரை முழுமதி நெருங்கினால் நம் விடுதி அறைகளில் ஒரு வாதம் தவறாமல் எழும். "மங்கலதேவிக் கோட்டம் தமிழ்நாட்டுடையதா, கேரளத்துடையதா?" வாதம் சூடேற ஏறக் கோயிலும் மறைந்துவிடும்; கண்ணகியும் மறைந்துவிடுவாள். எஞ்சுவது எல்லைக்கோடு ஒன்றே. அந்த வாதத்தில் உரத்த குரல் எழுப்பியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், சற்று நின்று எண்ணிப் பார்ப்போம், நண்பர்களே!

இடுக்கி மாவட்டத்துக் குமுளியை அடுத்த மலையுச்சியில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் நடுவே, சிதைந்து நிற்கிறது அக்கருங்கற் கோயில். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தேனி மாவட்டத்துப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். ஆண்டில் ஒரே ஒரு நாள், அதுவும் பகலில் மட்டுமே வழிபாடு. அந்த ஒரு நாளுக்காக இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றனர். செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் எடுத்துக்காட்டிய பின், தமிழர் உள்ளத்தில் இம்மலை தனியிடம் பெற்றது. மலையாள மக்களோ மங்கலாதேவி என்று அவளைத் தொழுகின்றனர். இடம் யாருடையது என்ற வழக்கு மட்டும் இரு மாநிலங்களுக்கும் இடையே பல்லாண்டாய் ஓயவில்லை.

வடக்கே, பாலக்காட்டு எல்லைக்கு வாருங்கள். தமிழரும் கலந்து வாழும் சிற்றூரில், கும்ப மாதந்தோறும் பகவதி கோயிலில் 'கொங்கன் படை' என்ற விழா நடக்கிறது. கொங்கு நாட்டுப் படை எல்லை தாண்டி வந்ததாம். பகவதி அதனை முறியடித்தாளாம். கதையில் தோற்றவன் நம் பக்கத்தான்! ஆயினும் அதை யாரும் பகையாகக் கொள்வதில்லை. ஏன்? அது மக்கள் விழா. வணங்க விரும்பியவன் வணங்குகிறான். வேடிக்கை பார்க்க வந்தவன் பார்த்துவிட்டுப் போகிறான்.

நாளை ஓர் அரசு, "இது மதமன்று, நாட்டுக் கடமை. பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் வந்து தலைவணங்குக" என்று ஆணையிட்டால்? அன்றே அந்த விழா வேறொன்றாகிவிடும். இது வீண் கற்பனையன்று. ஜப்பானில் நடந்தது.

1932-ஆம் ஆண்டு டோக்கியோவில், சோஃபியா பல்கலைக்கழக மாணவர்களை இராணுவப் பயிற்சி அதிகாரி யாசுகுனி ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். நாட்டுக்காகப் போரில் மாண்டோரைத் தெய்வங்களாக வைத்து வணங்கும் ஷிண்டோ ஆலயம் அது. கத்தோலிக்க மாணவர் சிலர் வணக்கம் செலுத்த மறுத்தனர். பெரும் புயல் எழுந்தது. கல்வி அமைச்சகம் தந்த விளக்கம் என்ன தெரியுமா? அவ்வணக்கம் நாட்டுப்பற்றையும் அரச விசுவாசத்தையும் காட்டுவதற்கே என்பது! மதமென்றால் மறுக்க உரிமையுண்டு; நாட்டுப்பற்று என்று பெயரிட்டுவிட்டால் மறுப்பவன் துரோகி. ஜப்பானின் ஆட்சியிலிருந்த கொரியாவில், ஆலய வணக்கத்துக்கு உடன்படாத கிறித்தவப் பள்ளிகள் மூடப்பட்டன.

போர் முடிந்து, 1947-இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது; பொதுப்பணம் மத நிறுவனங்களுக்குச் செல்வதைத் தடுத்தது. ஆயினும் புண் ஆறவில்லை. 1978-இல் முதல்தரப் போர்க்குற்றவாளிகள் பதினால்வரையும் அவ்வாலயம் தெய்வங்களோடு சேர்த்தது. ஜப்பானியப் படையில் மாண்ட கொரியர்களையும் குடும்பத்தாரைக் கேளாமலே சேர்த்தது. "எங்கள் தந்தையின் பெயரை நீக்குங்கள்" என்று மக்கள் நீதிமன்றம் ஏறினர். பிரதமர் ஒருவர் அங்குச் சென்று வணங்கினால் இன்றும் சீனமும் கொரியாவும் கொதிக்கின்றன.

"ஜப்பான் வேறு, நாம் வேறு" என்பீர்கள். உண்மைதான். நம் அரசியல் சட்டம் அத்தகைய மதில் எழுப்பவில்லை. மொழிவழி மாநிலங்களுக்கு வழிவகுத்த 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தைப் பாருங்கள். திருவிதாங்கூர் தேவசத்துக்குக் கேரளம் ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாய் தருக. தன்னிடம் வந்துசேர்ந்த பகுதியின் கோயில்களுக்குத் தமிழகம் 13.5 லட்சம் தருக என்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலங்கள் முயல வேண்டும் என்றும் கூறிற்று. எல்லை மாறினாலும் வழிபாடு அறுபடலாகாது, மொழி அறுபடலாகாது என்பதே இதன் பொருள். எந்தத் தெய்வத்தையும் எல்லைக் காவலுக்கு நிறுத்துக என்று அது சொல்லவில்லை.

கண்ணகியைவிட எல்லை கடந்தவள் யார்? சோழ நாட்டில் பிறந்தாள். பாண்டிய நாட்டில் வழக்குரைத்தாள். சேர நாட்டில் தெய்வமானாள். அவள் கதையைப் பாடியவர் சமணத் துறவி என்பது மரபு. இலங்கையில் சிங்களப் பௌத்தர் அவளையே பத்தினித் தெய்வமாகத் தொழுகின்றனர். அரசியலின் கையில் அவள் பட்ட பாட்டையும் கண்டோம்: 1968-இல் சென்னைக் கடற்கரையில் நிறுத்தப்பட்ட சிலை 2001-இல் அகற்றப்பட்டது, 2006-இல் மீண்டும் வந்தது.

அப்படியானால் வாய்மூடி இருப்பதா? இல்லை. தேவிகுளம், பீர்மேடு தமிழர் பட்ட துயரை நாம் மறக்கவில்லை. தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. 1956-இல் அவ்வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. அந்த வேதனை உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து மலைமேல் கொடி நடுவதில் இல்லை. மலையடியில் வாழ்கிற தமிழரிடத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழில் பாடம் கிடைக்கிறதா? சிற்றூர்த் தமிழன் தன் மொழியில் அரசு அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க முடிகிறதா? இவற்றைக் கேட்போம். சரிந்த கற்களை, காட்டுக்கு ஊறின்றி, இரு அரசுகளும் சேர்ந்து சீர்செய்யட்டும் என்றும் கேட்போம். இக்கோரிக்கைகளில் நம் மலையாளத் தோழர்களும் கையெழுத்திடலாம். எல்லை வாதத்தில் அவர்கள் ஒருபோதும் இடமாட்டார்கள்.

அடுத்த சித்திரையில் விடுதியில் அதே கேள்வி எழும்போது, நண்பர்களே, ஒன்றை நினைவுகொள்வோம்: பாண்டியன் அவையில் சிலம்பேந்தி நின்ற அப்பெண் கேட்டது நிலமன்று, நீதி.