கருவி இருக்கிறது, வழி இருக்கிறதா?



மாலை வேளையில் நம் நகரங்களில் உள்ள ஏதாவது ஒரு பூங்காவிற்குள் நுழைந்து பாருங்கள். பளிச்சென்ற வண்ணம் பூசிய உடற்பயிற்சிக் கருவிகள் வரிசையாக நிற்கும். ஏறி நின்று கால்களை வீசி நடக்கும் கருவி, இடுப்பைத் திருப்பும் வட்டத் தட்டு, கால்களை நீட்டி மடக்கும் இருக்கை எனப் பல உண்டு. கட்டணம் ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் சொல்கிறார்கள். நல்ல முயற்சிதான், பாராட்டுவோம். ஆனால் ஒரு கேள்வியையும் கேட்போம். பக்கவாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்த ஒருவர் இவற்றில் எதைப் பயன்படுத்த முடியும்? சக்கர நாற்காலியில் வரும் ஓர் இளம்பெண் இவற்றில் எதன் அருகே செல்ல முடியும்?

பல இடங்களில் அவர் கருவிவரை வருவதே கடினம். இருசக்கர வண்டிகள் நுழையக்கூடாது என்று வாயிலில் வளைத்து வைத்திருக்கும் கம்பித் தடுப்பு, சக்கர நாற்காலியையும் தடுத்துவிடுகிறது. அதைக் கடந்தால் படி. படியைக் கடந்தால் சக்கரம் புதையும் மணல். இத்தனையும் தாண்டிக் கருவியை அடைந்தால், அதில் ஏறுவதற்கு இரண்டு நல்ல கால்கள் வேண்டும். ஆக, உடல் நலமாக இருப்பவர் இன்னும் நலம் பெறவே இக்கருவிகள் உதவுகின்றன. யாருக்குப் பயிற்சி மருந்தைப் போல் தேவைப்படுகிறதோ, அவர் வெளியே நிற்கிறார்.

மருந்து என்று நாம் சொல்வது மிகையன்று. பக்கவாதத்திற்குப் பிறகு, பாதிக்கப்பட்ட மூளை இழந்த அசைவுகளை மீண்டும் கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான். இந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் நிகழ்கிறது. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் மூட்டுகள் இறுகும், தோள் வலிக்கும், தசைகள் மெலியும். படுத்தே கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வரும். எழுந்து நடந்திருக்கக் கூடிய ஒருவர், வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுவார். அவரைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது மனைவியாகவோ மகளாகவோ இருக்கும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில், மாற்றுத்திறன் கொண்டோருக்கும் தனிப் பரிந்துரைகளை முதன்முறையாகச் சேர்த்தது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுவது நல்லது என்ற அளவு அவர்களுக்கும் பொருந்தும் என்றது. 'உங்களால் முடியாது, ஓய்வெடுங்கள்' என்று அன்போடு நாம் சொல்லும் சொல்லே சில வேளைகளில் கேடாகிவிடுகிறது என்பதை இது உணர்த்துகிறது.

எத்தனை பேருக்கு இது தேவை? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் நடமாட்டக் குறைபாடு உள்ளவர். தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். மூட்டு தேய்ந்த முதியோர், விபத்தில் அடிபட்டுத் தேறிவருவோர் எல்லாரும் இக்கணக்கில் அடங்கமாட்டார்கள். அவர்களையும் சேர்த்தால், இது யாரோ சிலருடைய பிரச்சனை அன்று. முதுமை வரை வாழக் கொடுத்துவைத்த ஒவ்வொருவருடைய பிரச்சனையும் ஆகும்.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. இந்தியா 2007ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மறுவாழ்வுப் பயிற்சி இயன்றவரை விரைவில் தொடங்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டுக் கட்டமைப்புகளை அவர்களுக்கு ஏற்ற வகையில் மாற்றியமைக்கச் சொல்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அனைவரும் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றும் அது கூறுகிறது. விதிகள் வெளியானது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நின்றுவிடக்கூடாது, கட்டாயமாகப் பின்பற்றவேண்டிய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவர் நோயாளியின் வீட்டிற்கே செல்கிறார். இத்திட்டம் 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதையும் பெற்றது. உலக வங்கியின் கடனுதவியோடு நடைபெறும் 'உரிமைகள்' திட்டத்தின்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் மறுவாழ்வுச் சேவை மையங்களும் பயிற்சி ஊர்திகளும் வந்துள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் மருத்துவர் வந்துபோகும் நாள்களுக்கு நடுவே எத்தனையோ நாள்கள் இருக்கின்றன. அந்த நாள்களில் பயிற்சி தொடர வேண்டுமானால், நடந்தோ சக்கர நாற்காலியிலோ போய்ச்சேரும் தூரத்தில் ஓர் இடம் வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் உடற்பயிற்சிக் கூடங்களின் சேவைக்கான ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பலருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் கூடத்திற்கு வரி குறைந்தால் என்ன, கூடினால் என்ன? படியேற முடியாதவருக்கு இரண்டும் ஒன்றே.

இதற்குப் பெரும் செலவாகும் என்று நினைக்க வேண்டாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்திற்கு 1க்கு 12 என்பது ஏற்கப்பட்ட அளவு. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சாய்தளம் போதும். கருவிக்கு அருகே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் அகலத்தில் கெட்டியான தரை வேண்டும். நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளால் சுழற்றும் மிதி ஒன்று, பிடித்துக்கொண்டு நடை பழக இரண்டு இணைக் கம்பிகள், தோளை உயர்த்திப் பழகக் கயிறும் கப்பியும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யக்கூடியவைதாம் இவை. எந்த உயரத்தில், எந்த அளவில் என்பதை மட்டும் ஓர் இயன்முறை மருத்துவரிடமும், பயன்படுத்தப் போகிறவரிடமும் கேட்டுச் செய்ய வேண்டும். பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் செய்வதால்தான் பல சாய்தளங்கள் செங்குத்தாக நின்று, அவரைக் கேலி செய்கின்றன.

வழி அமைத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்குச் சென்னை மெரினா ஓர் எடுத்துக்காட்டு. 2022 நவம்பர் 27 அன்று அங்கே கடலை நோக்கி மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதுவரை மணலுக்கு அப்பால் இருந்து பார்த்தவர்கள், சக்கர நாற்காலியிலேயே அலையின் அருகே சென்றார்கள். சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சீரமைத்தார்கள். கட்டுவது பாதி வேலை, பராமரிப்பது மீதி என்ற பாடத்தையும் அது தந்தது.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'மாற்றுத்திறனாளிகள்' என்று அழைக்கத் தொடங்கி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பெயரை மாற்றினோம், நல்லது. படியை மாற்றினோமா? நம் ஊர்ப் பூங்காவில், நம் பள்ளியில், நம் சமூகக் கூடத்தில் அடுத்த முறை புதிய கருவி ஒன்றைத் திறந்து வைக்கும்போது, எத்தனை கருவிகள் வாங்கினோம் என்று எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம். நம் தெருவில் வெளியே வராமல் இருப்பவர் யார், அவர் இங்கே வந்துசேர எத்தனை தடைகள் என்று எண்ணிப் பார்ப்போம். பிறகு, ஒவ்வொரு தடையாக அகற்றத் தொடங்குவோம்.