கடையைப் பூட்டுங்கள், துணைவியாரோடு புறப்படுங்கள்

நமது இதழில் விலை நிலவரம், வரிச் சட்டத் திருத்தம், எடைக்கல் முத்திரை என்றே படித்துப் பழகிய உறுப்பினர்களுக்கு இந்தக் கட்டுரை சற்றுப் புதிதாக இருக்கலாம். மளிகைக் கடைக்காரர் ஆண்டுக்கு இரண்டு நாளாவது கடையைப் பூட்டிவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு ஊர் பார்க்கப் போக வேண்டும் என்பது நமது கருத்து. கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய் வருவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் இறங்குவது முதல் இரவு பத்தரைக்கு ஷட்டரை இழுப்பது வரை நம் பாடு நமக்குத் தெரியும். வீட்டுப் பெண்களின் பாட்டைப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்? புளியில் கொட்டை எடுப்பவர் அவர். உளுந்தைப் புடைத்து, கால் கிலோ அரைக் கிலோவாகப் பொட்டலம் போடுபவர் அவர். நாம் கொள்முதலுக்குப் போனால் கல்லாவில் உட்காருபவரும் அவரே. மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்கு வேன் ஏறுகிறவர்கள் நாம்தான். அன்றைக்கும் அவருக்கு அடுப்படி வேலைதான்.

"இரண்டு நாள் பூட்டினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடுமே" என்பார்கள். நியாயமான பயம். ஆனால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு கொண்டு வருகிறவர்கள் வந்துவிட்ட பிறகு, கடை திறந்திருக்கும் நேரத்தைக் காட்டி அவர்களை வெல்ல நம்மால் ஆகாது. நம்மிடம் வருகிறவர் பற்று நோட்டுக்காகவும், முகம் பார்த்துப் பேசுகிற பேச்சுக்காகவும் வருகிறார். அவர் இரண்டு நாளில் மாறிவிட மாட்டார். மாதச் சாமான் எல்லாம் முதல் பத்துத் தேதிக்குள் போய்விடுகிறது. இருபது தேதிக்கு மேல் ஒரு செவ்வாய் புதனைப் பாருங்கள். ஒரு வாரம் முன்பே அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரே தெருவில் இரண்டு கடை இருந்தால் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறிப் பூட்டலாம். காய்கறி, தயிர் வைத்திருப்பவர்கள் மட்டும் சரக்கு வரத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது என்று கேட்டால், சென்ற தை மாதக் கடைசியில் மதுரையிலிருந்து நாமும் நமது துணைவியாரும் காரில் போய் வந்த வழியைச் சொல்கிறோம். சுற்றி வர ஏறத்தாழ முந்நூறு கிலோ மீட்டர்தான். வணிகர்களுக்கென்றே அமைந்த வழி என்று சொல்லலாம்.

முதலில் மேலூர், சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் பாடல் பெற்ற சிவன் கோயில் இருக்கிறது. இங்கே 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்ற வணிகர் சங்கத்தார் கூடி, தாங்கள் விற்கும் ஒவ்வொரு சரக்கின் மேலும் இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் நாம் மகமை என்று பிரிக்கிறோமே, அதே வழக்கம்தான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. பழைய எழுத்து நமக்கு ஓடாது என்பதால், தெரிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் சரக்குப் பெயர்களை மட்டும் எழுதி வாங்கிப் போயிருந்தோம். உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், எள், பருத்தி, நூல், தேன், மெழுகு, சந்தனம் என்று போகிறது. மண்டபத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினோம். துணைவியார் சிரித்துவிட்டு, "என்னங்க, இது நம்ம கடைச் சிட்டை மாதிரியே இருக்கே! மிளகாய் வத்தல் ஒண்ணைத்தான் காணோம்" என்றார். எப்படி இருக்கும்? மிளகாய் நம் நாட்டுக்கு வந்ததே 1498க்குப் பின் போர்ச்சுகீசியர் கப்பலில்தான். அதுவரை காரத்துக்கு மிளகுதான். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய சிட்டையில் விட்டுப்போனதைச் சட்டென்று பிடிக்க, நாற்பது வருடம் சாமான் கட்டிய கைதான் வேண்டும். புலவர்களுக்குக்கூட இது எளிதில் படாது.

அங்கிருந்து பொன்னமராவதி வழி. கண்மாய்களில் தண்ணீர் நின்றது. செம்மண் பொட்டல், பனை, ஊர் எல்லையில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகள். லாரி ஹாரன் சத்தம் இல்லாமல் ஒரு மணி நேரம் போனது. மதுரை கீழமாசி வீதியில் மூட்டை இறங்கும் இரைச்சலில் இருந்து பழகிய காதுக்கு அதுவே மருந்து.

திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. மேலே பீரங்கி இருக்கிறது, காற்று இருக்கிறது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்கள். காரைக்குடிச் சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே போனால் கானாடுகாத்தான். நகரத்தார் பர்மாவில் வட்டித் தொழில் செய்து, அங்கத்துத் தேக்கைக் கொண்டுவந்து எழுப்பிய வீடுகள். வீட்டின் அழகை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நமக்குத் தோன்றியது வேறு. கணக்குப் பார்க்கப் போன ஆண்கள் மூன்று வருடம் ஒரு தவணை என்று கப்பலேறினார்கள், பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். அவ்வளவு பெரிய வளவில் எத்தனை நாள் தனியாக விளக்கேற்றியிருப்பார்கள்! 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தபோது பலருடைய முதல் அங்கேயே நின்றுபோனது. நம் துணைவியார் இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு புதுக்கோட்டையில் தங்கல். மறுநாள் வெயில் ஏறுமுன் சித்தன்னவாசல் போய்விட வேண்டும், பாறை சுட்டால் கால் வைக்க முடியாது. சமணர் குகைக் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம், மங்கியும் மீன், அன்னம், யானை எல்லாம் தெரிகிறது. மேலே ஏழடிப்பட்டத்தில் துறவிகளின் கல் படுக்கை. முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம், நாம் அப்படித்தான் இருந்தோம். துணைவியார் ஏறிவிட்டு வந்தார்.

நார்த்தாமலையை நகரத்தார் மலை என்பதன் திரிபு என்பார்கள். வணிகர் சபையே நிர்வாகம் செய்த ஊர் இது. மொட்டைப் பாறையின் மேல் விஜயாலய சோழீச்சுரம், சுற்றிலும் சுனைகள். மனிதர் நடமாட்டமே குறைவு.

திரும்பும் வழியில் கொடும்பாளூர். மணிக்கிராமம் என்ற இன்னொரு வணிகர் குழு இருந்த இடம். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசன் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பெயரிலுமாக மூன்று கோயில் கட்டினான். மூவர் கோயில் என்று பெயர், இரண்டுதான் நிற்கின்றன. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த வழியைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் இந்த ஊரைக் குறிக்கிறது. அவர்களும் வணிகக் குடும்பம்தான். அவர்கள் கதையை நினைத்து நம்மவர்கள் பயணத்துக்கு அஞ்ச வேண்டாம். இங்கிருந்து நாற்கரச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் மதுரை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். கிளைச் சாலைகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடைப்பது அரிதாக இருக்கிறது. பெட்ரோல் பங்குகளை நம்பியே திட்டம் போட வேண்டும். இந்த ஊர்களின் வணிகர் சங்கங்கள் பஞ்சாயத்துடன் பேசி ஏதாவது செய்தால், வருகிறவர்கள் அங்கேயே டீயும் குடித்து நாலு சாமானும் வாங்குவார்கள்.

தனியாகக் கார் பிடித்தால் செலவு கூடும் என்பவர்களுக்காக நமது சங்கமே அடுத்த தை மாதம் ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம். சிறு கடைக்காரர் ஏழெட்டுப் பேர் தத்தம் துணைவியாரோடு வந்தால் செலவு பிரிந்துவிடும். இதை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க இருக்கிறோம். தேதியை மட்டும் இருபதுக்கு மேல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.